கிள்ளான் வந்தும் கரை இறங்கவில்லை

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பதைவிட, அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ‘ரோம் (சிவிட்டாவெக்கியா)’ என்று போட்டிருப்பார்கள். சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோம் நகருக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ‘பாரிஸ் (லு ஹாவ்ர்)’ என்றிருக்கும். லு ஹாவ்ரில் இறங்கி ஐஃபெல் கோபுரத்தைப் பார்க்க வேண்டுமானால், போக மட்டும் இரண்டரை மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டும். நம் வட்டாரத்தில் ‘பேங்காக் (லாம் சபாங்)’ இருக்கிறது. அங்கிருந்து பேங்காக் 100 கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த வரிசையில் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு மிகவும் பழகிப்போனது ‘கோலாலம்பூர் (கிள்ளான் துறைமுகம்)’. கப்பல் நிற்கும் படகுத்துறை இருப்பது கிள்ளான் நகரத்தில்கூட இல்லை. பாலத்தால் கரையோடு இணைக்கப்பட்ட புலாவ் இண்டா என்ற தீவில். இரட்டைக் கோபுரம் அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். சாலையில் கொள்கலன் லாரிகள் குறுக்கே வந்தால் நேரத்தைக் கணக்கிடவே முடியாது. அதனால்தான் இந்த வழித்தடத்தில் அடிக்கடி போகிறவர்கள், “கிள்ளானில் கப்பல் நின்றால் நாங்கள் இறங்கமாட்டோம். அன்று நீச்சல் குளம் காலியாக இருக்கும்” என்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் அடைப்புக்குறிக்குள் இருந்த பெயருக்காகவே கப்பல் ஏறினார். என் அம்மா.

அம்மாவின் துறைமுகம்

ஜூன் பள்ளி விடுமுறையில் நான்கு இரவுப் பயணம். மரினா பே கப்பல் முனையத்தில் ஏறி, கிள்ளான், பினாங்கு என்று இரண்டு இடங்களில் நின்று, மீண்டும் சிங்கப்பூர். என் கணவருக்கு ஓய்வு வேண்டும். பதினான்கு வயது மகளுக்குக் கப்பலில் இணையம் கிடைக்குமா என்பது மட்டுமே கவலை. ஒன்பது வயது மகனுக்கு நீர்ச்சறுக்கு. முழங்கால் வலியோடு மூன்றாண்டுகளாக எந்தப் பயணத்துக்கும் ஒப்புக்கொள்ளாத அம்மா, பயணத் திட்டத்தைக் கேட்டதும், “கிள்ளான்ல நிக்குமா? அப்ப நானும் வரேன்” என்றார்.

அம்மாவுக்கு இப்போது 75 வயது. 1957ஆம் ஆண்டு, மலாயா விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலில் ஏறி, ஏழு வயதுச் சிறுமியாக இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கினார். அப்போது அதன் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். தாத்தா கிள்ளானுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அம்மா பிறந்து ஓராண்டுகூட நிறையாதபோது மலாயாவுக்குத் திரும்பிப் போனவர் அவர். ஆக, அப்பாவின் முகத்தை அம்மா முதன்முதலில் பார்த்தது அந்தப் படகுத்துறையில்தான்.

அம்மா வாக்கப்பட்டது சிங்கப்பூரில். மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, தோட்டத்திலேயே பிறந்து கிள்ளானிலேயே தங்கிவிட்டவர். இரண்டாண்டுகளாக அவருக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. அவர் சிங்கப்பூர் வர வழியில்லை. அம்மாவால் ஆறேழு மணி நேரம் பேருந்தில் உட்கார முடியாது என்று நாங்கள் எல்லாரும் முடிவுகட்டியிருந்தோம். தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவதோடு சரி.

கப்பல் காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குப் புறப்படும். மாமா மகன் ஒன்பது மணிக்கு வேனோடு வாசலில் நிற்பதாக ஏற்பாடு. மாமாவுக்குச் சிகிச்சை இல்லாத நாள் அது. முதலில் பழைய துறைமுகம். பிறகு தாத்தா வேலை செய்த தோட்டம் இருந்த சாலை. மதியம் மாமா வீட்டில் சாப்பாடு. மூன்றரை மணிக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். அத்தை முதல் நாளே நண்டு வாங்கி வைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

காற்றும் காத்திருப்பும்

விடியற்காலை நான்கு மணி இருக்கும். மேசையில் இருந்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி கேட்டு விழித்தேன். பால்கனிக் கதவைத் திறக்க முடியவில்லை. காற்று அப்படித் தள்ளியது. வெளியே மின்னல் வெளிச்சத்தில் மழை கிடைமட்டமாகப் போய்க்கொண்டிருந்தது.

மலாக்கா நீரிணையில் இந்தக் காற்றுக்குப் பெயரே ‘சுமத்ரா’. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும், சுமத்ரா தீவுப் பக்கமிருந்து கிளம்பி இந்தக் கரையை நோக்கி வரும். சிங்கப்பூரில் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நேரத்தில் திடீரென்று இருட்டிக்கொண்டு கொட்டுகிறதே, பெரும்பாலும் அதுவும் இதுதான். கரையில் இருப்பவருக்கு அது ஒரு குடை விஷயம். கப்பலுக்கு அப்படியில்லை. பதினைந்து மாடிக் கட்டடம் போன்ற சொகுசுக் கப்பலின் பக்கவாட்டுச் சுவர், காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. குறுகிய நீர்ப்பாதையில் அப்படிப்பட்ட கப்பலைக் கொண்டுபோய் நிறுத்துவது எளிதல்ல. ‘பைலட்’ எனப்படும் துறைமுக வழிகாட்டி சிறு படகில் வந்து, கயிற்றேணியில் தொற்றி, கப்பலுக்குள் ஏற வேண்டும். அலை அதிகமாக இருந்தால் அவராலும் ஏற முடியாது.

எட்டு மணிக்குக் கப்பல் நடுக்கடலிலேயே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குக் கப்பல் தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். காற்று தணிந்துவிட்டது, ஆனால் உள்ளே போகக் காத்திருக்கும் கப்பல்களின் வரிசையில் நிற்கிறோம் என்றார். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் பேசினார். கோலாலம்பூர்ச் சுற்றுலாக்கள் அனைத்தும் ரத்து; பணம் திருப்பித் தரப்படும். ஒன்றரை மணிக்குக் கப்பல் ஒருவழியாகத் துறையோடு சேர்ந்தது. கயிறு கட்டினார்கள். எல்லாரும் கைப்பையோடு எழுந்து நின்ற நேரத்தில் மூன்றாவது அறிவிப்பு வந்தது.

பயணிகள் யாரும் கரை இறங்க முடியாது. மூவாயிரம் பேரைக் குடிநுழைவுச் சோதனைக்கு அனுப்பி, திரும்ப ஏற்றி, மறுநாள் காலை பினாங்கில் ஒதுக்கப்பட்ட நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. உடல்நலம் குன்றிய ஒரு பயணியை மருத்துவமனைக்கு இறக்கிவிடத்தான் துறைக்கு வந்திருக்கிறோம். சில மணி நேரத்தில் புறப்படுவோம்.

மேல்தளத்திலிருந்து பார்த்தபோது, இறங்கு பாலத்தின் கீழே ஒரு மருத்துவ வண்டி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. தள்ளுபடுக்கையில் ஒரு முதியவரைக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே அவர் மனைவி, கையில் இரண்டு கடப்பிதழ்களும் ஒரு சிறு பையுமாக ஓட்டமும் நடையுமாகப் போனார். அன்று எங்கள் கப்பலிலிருந்து கிள்ளானில் கால் வைத்த பயணிகள் அவர்கள் இருவர் மட்டுமே. அதுவரை பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி என் பக்கத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர், அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மேல்தளத்திலிருந்து தெரிந்தது

கட்டிப்போட்ட கப்பலின் பதினோராம் தளத்தில் நின்றால் கிள்ளான் துறைமுகம் எப்படித் தெரியும்? ஒரு பக்கம், பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் தண்ணீர். அதற்கு அப்பால் சதுப்புநிலக் காடு, ஒரே உயரத்தில் கத்தரித்துவிட்ட மாதிரி. மறுபக்கம் ஒரு கட்டடம், ஒரு கார் நிறுத்துமிடம், ஒரு சாலை, அதற்கு அப்பால் மீண்டும் பச்சை. தூரத்தில் பாரந்தூக்கிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. கடற்கரை இல்லை. கடைத்தெரு இல்லை. படம் எடுக்க ஒன்றுமில்லை என்று கைத்தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டாள் மகள்.

“இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?” என்று மலையாளத்தில், மாண்டரினில், இந்தியில், நம் தமிழில் பல குரல்கள். எனக்கும் கோபம்தான். ஆனால் மணிக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று பிடிபடத்தான் செய்கிறது. இந்த இடம் அழகில்லாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. இது நம்மை வரவேற்க எழுந்த ஊர் அல்ல. வேலை செய்ய எழுந்த ஊர். உலகின் பரபரப்பான கொள்கலன் துறைமுகங்களில் ஒன்று இது. 20 அடிப் பெட்டிக் கணக்கில், ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் இங்கு ஏறி இறங்குகின்றன. நாங்கள் ‘ஒன்றுமில்லாத காடு’ என்று சலித்துக்கொண்ட தீவுகள்தான் அலையைத் தடுத்து, இந்தத் துறைமுகத்துக்கு அமைதியான தண்ணீரைத் தருகின்றன. கல்லும் காங்கிரீட்டும் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்ப வேண்டிய வேலையைக் கிள்ளான் தீவும் கேத்தாம் தீவும் இண்டா தீவும் சம்பளமில்லாமல் செய்கின்றன.

ஸ்வெட்டன்ஹாம் இட்ட பெயர்

இந்தத் துறைமுகம் திறந்த கதையே ஏமாற்றத்தில் தொடங்கிய கதைதான். அதற்கு முன்பு கப்பல்கள் கிள்ளான் ஆற்றில் ஏறி, ஊருக்குள் இருந்த துறையில்தான் சரக்கு இறக்கின. ஈயம் பெருகியபோது ஆறு போதவில்லை. ஆற்று முகத்தில் புதிய துறைமுகம் கட்டி, ரயில் பாதையை அதுவரை நீட்டி, 1901 செப்டம்பரில் திறந்தார்கள். பிரிட்டிஷ் நிர்வாகி ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாமின் பெயரை வைத்தார்கள். திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மலேரியாவால் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். துறைமுகத்தை மூட வேண்டியதாயிற்று.

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், அந்தக் கண்டுபிடிப்பை நம்பிக் காட்டை வெட்டச் சொன்னார். சதுப்பு நிலத்தில் வடிகால் தோண்டி நீரை வடியவிடச் சொன்னார். காய்ச்சல் குறைந்தது, துறைமுகம் பிழைத்தது. பின்னர் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் அவர் அதே வழியைக் கொண்டுபோனார். அந்தத் தோட்டங்களில் காய்ச்சலுக்குப் பலியானவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். நாங்கள் மேல்தளத்திலிருந்து முகம் சுளித்துப் பார்த்த அதே சதுப்புநிலம்தான், நூறாண்டுகளுக்கு முன்பு ஊரே பயந்த நிலம்.

1972இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயர் போய், கிள்ளான் துறைமுகம் என்றானது. ஆனால் அந்த மனிதரின் பெயர் கப்பல் பயணிகளை விட்டுவிடவில்லை. மறுநாள் பினாங்கில் நாங்கள் இறங்கிய இடத்தின் பெயர் ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறை. அங்கே படகுத்துறை வாசலைத் தாண்டினாலே ஜார்ஜ்டவுன். சற்று நடந்தால் லிட்டில் இந்தியா, வடை, பூக்கடை, பாட்டுச் சத்தம். ஒரே ஆளின் பெயரைச் சுமந்த இரண்டு துறைகள்; ஒன்று நகரத்தின் மடியில், இன்னொன்று சதுப்பு நிலத்தின் ஓரத்தில்.

அன்று ஒன்றரை நாள்

அறிவிப்பைக் கேட்டதும் அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சக்கர நாற்காலியை மேல்தளத்தில் நிழலான ஓர் ஓரத்துக்குத் தள்ளச் சொன்னார். “பழைய ஹார்பர் எந்தப் பக்கம் இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். கைத்தொலைபேசி வரைபடத்தைப் பார்த்து, தீவுக்கு அப்பால், ஆற்று முகத்துப் பக்கமாகக் கையைக் காட்டினேன். அங்கே தெரிந்ததெல்லாம் மரங்களும் வானமும்தான். அம்மா அந்தப் பக்கமாகவே நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

பேரன் ஐஸ்கிரீமோடு வந்து, “பாட்டி, நீங்க வந்த கப்பல்லயும் இப்படி நிறுத்தி வச்சாங்களா?” என்று கேட்டான். அதன்பிறகு அம்மா பேசிக்கொண்டே இருந்தார். நான் இதுவரை கேட்காத கதைகள்.

ரஜுலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். அதன் எடைக் கணக்கு எங்கள் சொகுசுக் கப்பலின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் தொடக்கக் காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியை வேலியாக வைத்துக்கொண்டால் அதுதான் வீடு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் அது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் குடும்பங்களில் பலவற்றின் மலாயாக் கதை அதன் தளத்தில்தான் தொடங்கியிருக்கும்.

“பினாங்குல பாதிப் பேர் எறங்கிட்டாங்க. நாங்க இங்க வந்து சேர்ந்தப்ப சாயங்காலம். கரை தெரியுது, விளக்கு தெரியுது, எறங்க விடல. யாருக்கோ காய்ச்சலாம். டாக்டர் வந்து ஒவ்வொருத்தரா பாப்பாருன்னாங்க. கையத் தூக்கி அம்மை குத்துன தழும்பக் காட்டணும். ராத்திரி போச்சு, மறுநாள் பகல் போச்சு, அடுத்த நாள் காலையிலதான் படகு வந்துச்சு. ஒன்றரை நாள். எங்க அம்மா அவுலும் வெல்லமும் முடிஞ்சு வச்சிருந்தாங்க. அதுதான் சாப்பாடு.”

அப்போதெல்லாம் கப்பலில் ஒருவருக்கு அம்மையோ வாந்திபேதியோ கண்டால், எல்லாரையும் கொண்டுபோய்த் தொற்றுத்தடுப்பு முகாமில் அடைத்துவிடுவார்கள். பினாங்குக்கு ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூருக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு, இங்கே போர்ட் ஸ்வெட்டன்ஹாம் முகாம். வயல் வேலையை விட்டு வந்தவர்கள் புதிய நாட்டில் முதலில் பார்த்தது வேலையை அல்ல, வேலியை. அம்மா வந்த கப்பலில் பயந்தபடி எதுவும் இல்லை. விட்டுவிட்டார்கள்.

“படகு கிட்ட வர வர, கரையில நின்னவங்க எல்லாரும் பேர் சொல்லிக் கத்துறாங்க. எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்ட. இதுல எங்க அப்பா யாரு? எனக்குத் தெரியாது. எங்க அம்மாவுக்கே சட்டுன்னு தெரியல, ஆறு வருசமாச்சே. அப்ப ஒருத்தர் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. அம்மா பேர இல்ல, என் பேர. அப்பதான் தெரிஞ்சது.”

மகள் எப்போது கைத்தொலைபேசியைக் கீழே வைத்தாள் என்று தெரியவில்லை. பாட்டியின் நாற்காலி அருகே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

இறங்க முடியாதவர்கள்

தேநீர் கொண்டுவந்த பணியாளர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முதல் நாள் இரவு எங்கள் மேசைக்கு ரசம் கிடைக்குமா என்று அம்மா கேட்டதிலிருந்தே பழக்கம். அம்மாவைப் பார்த்து, “என்னம்மா, ஊரப் பாக்க முடியலயா?” என்றார்.

“உங்களுக்கு இந்த ஊர் பழகி அலுத்துப் போயிருக்குமே, தம்பி” என்றேன்.

அவர் சிரித்தார். “எங்களுக்கு இதுதாங்கா நல்ல போர்ட். பயணிங்க எல்லாம் கேஎல் போயிருவாங்க. கப்பல் காலியாயிரும். ரெண்டு மணி நேரம் விடுவாங்க. கீழ டெர்மினல்ல உக்காந்து வீட்டுக்கு வீடியோல பேசலாம். பினாங்குல அப்படியில்ல. எல்லாரும் அரை மணிக்கு ஒருக்கா வந்து வந்து போவாங்க, வேல ஓயாது.”

அன்றைக்கு அவருக்கு அந்த இரண்டு மணி நேரம் இல்லை. மூவாயிரம் பேரும் கப்பலிலேயே இருந்ததால் மதிய உணவு இரட்டிப்பு, தேநீர் இரட்டிப்பு. ஊரில் அவருடைய மகளுக்கு அன்று பிறந்தநாள் என்பதை அவர் சொல்லவில்லை. அம்மாதான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கப்பலேறி ஏழு மாதமாகிறதாம். இன்னும் இரண்டு மாதம் ஒப்பந்தம் இருக்கிறது.

கடல் தொழிலாளர்களுக்குக் கரை இறங்கும் உரிமை உண்டு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கப்பல் வேலைக்கு இடையூறில்லாமல் இருந்தால் மட்டும். கொவிட்-19 காலத்தில், ஒப்பந்தம் முடிந்தும் வீடு போக முடியாமல் உலகெங்கும் ஏறக்குறைய 4 லட்சம் கடலோடிகள் கப்பல்களிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கையை அப்போது செய்தியில் படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். தேநீர்த் தட்டோடு ஒருவர் எதிரில் நிற்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

அம்மா என்னைப் பார்த்தார். என் கைத்தொலைபேசியில் மலேசியச் சிம் இருந்தது. அவர் தலையை ஆட்டி மறுத்தார். வேலை நேரத்தில் பயணிகள் முன்னால் பேசக்கூடாதாம். “அப்ப நீ பேச வேணாம். நான் பேசுறேன். எண்ணச் சொல்லு” என்றார் அம்மா. எட்டு வயதுக் குழந்தைக்கு, நடுக்கடலிலிருந்து முகம் தெரியாத ஒரு பாட்டியின் வாழ்த்து போனது. தட்டை அடுக்குகிற மாதிரி பக்கத்திலேயே நின்று, அவர் மகளின் குரலைக் கேட்டுக்கொண்டார்.

வெள்ளை வேன்

மூன்று மணிக்கு மாமா அழைத்தார். “அக்கா, நான் கீழதான் இருக்கேன்.”

ஒன்பது மணியிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறார். இறங்க விடமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் போகவில்லை. கார் நிறுத்துமிடத்தின் கோடியில், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேன் தெரிந்தது. பக்கத்தில் ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி குடை பிடித்திருந்தது.

“எந்த மாடி அக்கா?”

“பதினொண்ணு. மஞ்சள் துண்டு ஆட்டுறாங்க பாரு, பேரன்.”

நீச்சல் குளத்துத் துண்டை மகன் தலைக்குமேல் சுழற்றினான். வேனின் முன்விளக்கு இரண்டு முறை மின்னியது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

கையை ஆட்டிக்கொண்டே இருபது நிமிடம் பேசினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, தண்ணீர் அளந்துதான் குடிக்கிறாயா, நண்டை என்ன செய்தீர்கள், உனக்குத்தான் உப்பு ஆகாதே. ஒரு கட்டத்தில் இருவரும் பேசாமல், தொலைபேசியைக் காதில் வைத்தபடி அவரவர் இடத்தில் நின்றார்கள். பதினோரு மாடி உயரமும் ஒரு கார் நிறுத்துமிடத்து நீளமும், அவ்வளவுதான் இடைவெளி.

ஐந்து மணிக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பல் விலகும்போது வேனின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. சதுப்புநிலக் காடு மறைக்கும்வரை தெரிந்தது.

பேருந்தில் போனோம்

ஆறு வாரம் கழித்து, அம்மாவை அழைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் பேருந்தில் போனோம். சாயும் இருக்கை, இரண்டு இடத்தில் நிறுத்தம், முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. முடியாது என்று நாங்கள் முடிவுகட்டியிருந்த பயணத்தை அம்மா தூங்கிக்கொண்டே கடந்துவிட்டார்.

பழைய துறைமுகப் பக்கம் மாமாவும் வந்தார். கொம்யூட்டர் ரயில் பாதை முடியும் பெலாபுவான் கிள்ளான் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கேத்தாம் தீவுக்குப் படகு புறப்படும் துறை இருக்கிறது. அம்மா இறங்கிய படகுத்துறை சரியாக எது என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. 68 ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது. படகுத்துறைப் பலகைமீது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, “தண்ணி நிறம் மட்டும் அதேதான்” என்றார்.

கப்பல் பயணம் திட்டமிடும் வாசகர்களுக்கு மூன்று விவரங்கள் உதவும். ஒன்று, ஊர்ப் பெயரைப் பார்க்காமல் படகுத்துறையின் பெயரை வரைபடத்தில் தேடுங்கள். அங்கிருந்து ஊருக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். இரண்டு, புறப்படும் நேரத்துக்கு முன்பே அனைவரும் கப்பலுக்குள் இருந்தாக வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போனால் காத்திருக்காது. மூன்று, வானிலைக்காகவோ பாதுகாப்புக்காகவோ ஒரு துறைமுகத்தை விட்டுவிடும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு என்று பயணச்சீட்டு விதிகளிலேயே இருக்கும். வேடிக்கை பார்க்கப் போகிற ஊரென்றால் அது நட்டமில்லை. நீச்சல் குளம் இருக்கிறது. பார்த்தே ஆக வேண்டிய மனிதர் அந்த ஊரில் இருந்தால், அவருக்கென்று தனியாக ஒரு பயணம் போங்கள்.

மாமா வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். அத்தை மறுபடியும் நண்டு வாங்கியிருந்தார். மாமாவுக்கு உப்பில்லாமல் தனியாக ஒரு சட்டியில் சமைத்திருந்தார்கள். அம்மா தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே உப்பில்லாத குழம்பைத் தன் தட்டிலும் ஊற்றிக்கொண்டார்.